ரூல்ல ஓட்டை... ரோட்ல சீறல்!

ஹாஸ்டல் ரூம்ல ஹீட்டர் வைக்கக் கூடாதுன்னு வார்டன் போர்டு மாட்டியிருப்பார். ஆனா, அயர்ன் பாக்ஸைக் கவிழ்த்துப் போட்டு அதுமேல நூடுல்ஸ் செய்யக் கூடாதுன்னு எங்கேயும் எழுதியிருக்க மாட்டார். கண்டுபிடிச்சது யாரோ உங்க சீனியர். அதே மூளைதாங்க அமெரிக்காவுல 'மஸில் கார்' மோகத்தையே கிளப்பிவிட்டது!

1963. இனி ரேஸ் பக்கமே போகக் கூடாதுன்னு தன்னோட பிராண்டுகளுக்கெல்லாம் தடா போட்டது ஜெனரல் மோட்டார்ஸ். ரொம்ப அடிவாங்கினது போன்டியாக். ரேஸை வச்சே இளவட்டங்களை வளைச்சுப் போட்ட பிராண்டு அது. இன்னொரு ரூலும் உண்டு. நடுத்தர சைஸ் கார்ல 330 கன அங்குலத்துக்கு மேல, அதாவது சுமார் 5.4 லிட்டருக்கு மேல இன்ஜின் போடக் கூடாது.

போன்டியாக்கோட சீஃப் இன்ஜினீயர் ஜான் டிலோரியன். அவர் டீம்ல பில் காலின்ஸ், ரஸ் ஜீன்னு ரெண்டு பேர். டெம்பெஸ்ட்ங்கிற நடுத்தரக் கார்ல இருந்தது 326 இன்ஜின். பெரிய கார்ல போடுற 389 இன்ஜினும் (6.4 லிட்டர்!) வெளியளவுல அதே சைஸ்தான். அப்படியே தூக்கி உட்கார வைக்கலாம். ஆனா ரூல்? நல்லாப் படிச்சுப் பார்த்தாங்க. அது கம்பெனி வழக்கமா கொடுக்கிற இன்ஜினைப் பத்தித்தான் பேசுது. கஸ்டமர் விரும்பிக் கேட்கிற 'ஆப்ஷன்' பத்தி மூச்சே இல்ல!

அவ்வளவுதான். 1964 மாடல் டெம்பெஸ்ட் லெமான்ஸுக்கு 295 டாலர்ல ஒரு ஆப்ஷன் பேக்கேஜ். 325 குதிரைசக்தி. பேரு ஜி.டி.ஓ. இந்தப் பேரும் சொந்தச் சரக்கில்லை, ஃபெராரிகிட்ட சுட்டது. அந்த இத்தாலிய எழுத்துகளுக்கு அர்த்தம், 'ரேஸுக்கு அங்கீகரிக்கப்பட்ட கார்'. நம்மாளுக்கு எந்த ரேஸ்லயும் எவனும் அங்கீகாரம் கொடுக்கலை. 5,000 கார் போனா பெரிசுன்னு நினைச்சாங்க. முதல் வருஷமே போனது 32,450! இதுக்கப்புறம் மேலிடம் எப்படித் திட்டும்?

அடுத்த கூத்தைக் கேளுங்க. 1964 மார்ச்ல 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை, ரெண்டு ஜி.டி.ஓ.வும் மோதற மாதிரி அட்டையில படம் வரைஞ்சு போட்டது. நிஜத்துல ஃபெராரி அந்த டெஸ்ட்டுக்கே வரலை. போன்டியாக் 60 மைல் வேகத்தை 4.6 செகண்ட்ல தொட்டதா எழுதினாங்க. ஊரே வாயைப் பிளந்தது. டெஸ்ட்டுக்குக் கொடுத்த கார்ல 389-க்குப் பதிலா 421 இன்ஜினைச் சத்தமில்லாம மாட்டியிருந்தோம்னு போன்டியாக்கோட விளம்பரப் புலி ஜிம் வேங்கர்ஸ் பல வருஷம் கழிச்சு ஒப்புக்கிட்டார். வெளியில பார்த்தா வித்தியாசமே தெரியாதே!

இதையெல்லாம் படிச்சு நானும் சிரிச்சேன், பிரேக் விஷயத்துக்கு வர்ற வரைக்கும். இன்ஜினை இவ்வளவு பெரிசாக்கினவங்க, பிரேக்கை மாத்தலை. சாதாரண டெம்பெஸ்ட்ல இருந்த அதே டிரம் பிரேக்தான் நாலு வீலுக்கும். முன்சக்கர டிஸ்க் பிரேக் 1967-லதான் வந்தது, அதுவும் ஆப்ஷனா! காரை வாங்கினது யாருங்கிறீங்க? பாதிக்கு மேல யோசிக்கவே வேணாம், உங்க வயசுப் பசங்களைக் குறிவச்சு விளம்பரம் பண்ணின கார் அது.

கணக்கை முதல்ல போட்டது இன்ஷூரன்ஸ்காரங்கதான். அறுபதுகளோட கடைசியில, பவர்ஃபுல் கார் வச்சிருக்கிற பசங்களுக்கு பிரீமியத்தை ஏத்தித் தள்ளினாங்க. அப்புறம் புகைக் கட்டுப்பாடு, 1973-ல பெட்ரோல் தட்டுப்பாடு. 1974-ல கடைசி ஜி.டி.ஓ. வந்தப்போ அது வென்ச்சுராங்கிற சின்னக் காருக்கு வெறும் ஆப்ஷன் பேக்கேஜ். 2004-ல அதே பேர்ல ஒரு ஆஸ்திரேலியக் காரை இறக்கினாங்க, ரெண்டு வருஷத்துல நின்னுபோச்சு. 2010-ல போன்டியாக் பிராண்டுக்கே மூடுவிழா.

டிலோரியன்? 1973-ல வெளியே வந்து, தன் பேர்லயே கம்பெனி ஆரம்பிச்சு நொடிச்சுப்போனார். 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்துல டைம் மெஷினா வருமே ஒரு கார்... அது அவரோடதுதான்!