இயந்திரத்துக்கு நன்கொடை உண்டு, இயக்குபவருக்கு?

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர்களின் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தாயகத்து வைத்தியசாலைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்று கூடும்போது, பெரும்பாலும் முதலில் நினைவுக்கு வருவது ஓர் இயந்திரம். இயந்திரத்தின் முன் நின்று படம் எடுக்கலாம்; பெயர்ப்பலகை பொருத்தலாம்; ஆண்டு மலரிலும் அச்சிடலாம். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. 2011 ஆம் ஆண்டு தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியினால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடம் எழுந்தது. தென்னிலங்கை மக்களும் சேர்ந்து செய்த அந்தப் பணியை எவரும் குறை கூற முடியாது. ஆனால் உள்ளே இருக்கும் இயந்திரத்தை நாள்தோறும் இயக்குபவரின் சம்பளத்துக்காக எவராவது நடந்ததாக நான் அறியேன். அது நன்கொடையால் தீரும் காரியமும் அல்ல. அரசாங்கம் செய்ய வேண்டியது.

அந்த மனிதருக்குத் தமிழில் நிலையான ஒரு பெயர்கூட இல்லை. கதிர்ப்படப்பிடிப்பாளர் என்கிறோம், ஊடுகதிர்ப் படப்பிடிப்பாளர் என்கிறோம், பேச்சு வழக்கில் றேடியோகிராபர் என்கிறோம். படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் கதிரியக்க வைத்திய நிபுணர் வேறு. படத்தை எடுப்பவர் வேறு. கிராமத்து நோயாளிக்கோ இருவரும் 'எக்ஸ்றே டொக்டர்'தான். அரச பயிற்சிப் பாடசாலையில் டிப்ளோமா பெற்றோ, பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றோ இத்தொழிலுக்கு வருகிறார்கள். அரச சேவையில் மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், இயன்மருத்துவர் ஆகியோருடன் நிறைவுகாண் மருத்துவ சேவையினர் என்ற ஒரே வகுப்பில் அடங்குகிறார்கள். வேலைநிறுத்தம் நடக்கும் நாட்களில் மட்டும் பத்திரிகைத் தலைப்புகளில் இடம்பெறுகிறார்கள்.

இவர் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். மூளைக் குழாயில் இரத்தம் உறைந்ததால் வந்த பக்கவாதத்துக்கு, உறைவைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கி நான்கரை மணித்தியாலங்களுக்குள் ஏற்றவேண்டும் என்பது பொதுவான விதி. ஆனால் வந்திருப்பது உறைவா, இரத்தக்கசிவா என்பது தெரியாமல் ஏற்றக்கூடாது. கசிவாக இருந்தால் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடும். அதைத் தெரிந்துகொள்ள சி.ரி. ஸ்கேன் வேண்டும். நள்ளிரவில் அந்த இயந்திரம் இருந்தும் இயக்க ஆளில்லையென்றால், அம்புலன்ஸ் அடுத்த மாவட்டத்துக்கு ஓடவேண்டும். நான்கரை மணித்தியாலம் வீதியிலேயே கரைந்துவிடும்.

இனி, அந்த ஆள் ஏன் அங்கே இல்லை என்ற கேள்விக்கு வருவோம். அவர் வெளிநாடு போய்விட்டார் என்பது ஒரு விடை. அதைவிடக் குறைவாகப் பேசப்படும் இன்னொரு விடை உண்டு. அவர் நாட்டில்தான் இருக்கிறார். அந்த ஊரில் இருக்க அவருக்குக் கட்டுபடியாகவில்லை.

அரச ஊழியரின் சம்பளப் பட்டியலில் 'வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு' என்று ஒரு வரி உண்டு. பல ஆண்டுகளாக 7,800 ரூபாவாக உறைந்து கிடந்த அது, 2024 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபா கூட்டப்பட்டு 17,800 ரூபாவானது. கொழும்பில் சொந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவருக்கும் அதே தொகை. யாழ்ப்பாணத்தில் குடும்பத்தை விட்டுவிட்டு மன்னாரில் அறை எடுத்துத் தங்குபவருக்கும் அதே தொகை. இரண்டாமவருக்கு இரண்டு அடுப்பு எரிகிறது, இரண்டு மின்சாரப் பட்டியல் வருகிறது, வார இறுதியில் பஸ் கட்டணம் வேறு. வாழ்க்கைச் செலவு என்ற பெயரைத் தாங்கிய கொடுப்பனவு, வாழும் இடத்தைக் கேட்பதே இல்லை.

உறைந்து கிடந்த காலத்தில் அதன் பெறுமதிக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபா. 7,800 ரூபாவுக்கு 44 லீற்றர் கிடைத்தது. 2022 ஜூனில் அதே லீற்றர் 470 ரூபா, 16 லீற்றர்தான். அவ்வாண்டு ஜனவரியில் தனியாக வழங்கத் தொடங்கிய 5,000 ரூபாவைச் சேர்த்தாலும் 27 லீற்றர். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். பின்னர் பணவீக்கம் தணிந்ததென்பது உண்மை. 2024 செப்டெம்பர் முதல் சில மாதங்கள் அது பூச்சியத்துக்குக் கீழேயும் போனது. அதற்காக அரிசியும் பருப்பும் 2021 ஆம் ஆண்டின் விலைக்குத் திரும்பிவிடவில்லை. பணவீக்கம் குறைவதென்றால் விலை ஏறும் வேகம் குறைவது என்று பொருள். கொஞ்சம் பூச்சியத்துக்குக் கீழே போனாலும் ஏறிய மலையிலிருந்து ஓரிரு படி இறங்கினோம், அவ்வளவுதான். இதை அமைச்சர்கள் வேண்டுமென்றே குழப்புகிறார்களோ என்று எனக்குச் சில வேளைகளில் தோன்றும்.

கொழும்புச் சுட்டெண் என்ற பெயரையும் கவனியுங்கள். கொழும்பு மாவட்டத்தின் நகர்ப்புறக் குடும்பங்களின் செலவை அளப்பது அது. முழு நாட்டுக்குமான தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் 2015 ஆம் ஆண்டில்தான் வந்தது. மன்னாரில் ஓர் அறையின் வாடகை என்ன, முல்லைத்தீவில் ஒரு சாப்பாட்டுப் பொதி என்ன விலை என்று தனியாகக் கேட்டுச் சம்பளம் நிர்ணயிக்கும் வழக்கம் எம்மிடம் இல்லை. 'வெளியூரில் எல்லாம் மலிவு' என்ற பழைய நினைப்பிலேயே கொழும்பின் கந்தோர்கள் இருக்கின்றன. யாழ்ப்பாண நகரில் வீடு தேடி அலைந்தவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். அங்கே வாடகையை ஏற்றியதில் வெளிநாட்டுப் பணத்துக்கும் பங்குண்டு. வாசகர்கள் கோபிக்க வேண்டாம்.

2024 ஜனவரியில் வைத்தியர்களுக்கான இடையூறு, கிடைப்பனவு, போக்குவரத்துக் கொடுப்பனவை 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக்க அமைச்சரவை இணங்கியது. உடனே 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் தமக்கும் அது வேண்டுமென்று வேலைநிறுத்தத்தில் இறங்கின. வைத்தியசாலைகளில் இராணுவத்தினர் பணிக்கு அமர்த்தப்பட்டனர். நோயாளிகளை வாட்டும் வேலைநிறுத்தங்களை நான் ஆதரிப்பவன் அல்லன். ஆயினும் அக்கொடுப்பனவின் பெயரையே படித்துப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு வைத்தியர் எழுப்பப்படுவது இடையூறு என்றால், அவர் கேட்ட ஸ்கேனை எடுக்க எழுப்பப்படுபவருக்கு நேர்வது என்ன? தொகை சமமாக இருக்கவேண்டும் என்று நான் வாதாடவில்லை. காரணம் ஒன்றுதான் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக, 2027 ஜனவரி வரை மூன்று கட்டங்களில் உயர்த்தியது. நல்லது. கூடவே மேலதிக நேரத்தைக் கணக்கிடும் விகிதத்தில் கை வைத்தார்கள். 2025 மார்ச்சில் சங்கங்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. ஆளணி குறைந்த வைத்தியசாலையில் மேலதிக நேரம்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது என்பது கணக்கெழுதியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

பிரித்தானியாவில் வாழும் வாசகர்களுக்கு நான் சொல்ல வருவது புதிதாக இராது. அங்கே தேசிய சுகாதார சேவையில் சேரும் கதிர்ப்படப்பிடிப்பாளரின் ஆரம்பச் சம்பளம், 2025/26 நிதியாண்டில் இங்கிலாந்தில் 31,049 பவுண். அவர் உள் இலண்டனில் வேலை செய்தால் அடிப்படைச் சம்பளத்தில் 20 வீதமும், வெளி இலண்டனில் 15 வீதமும், நகரின் விளிம்புப் பகுதிகளில் 5 வீதமும் மேலதிகமாகப் பெறுவார். அவற்றுக்கு மேல், கீழ் எல்லைகள் உண்டு. அது போதவில்லை என்று அவர்களும் முறைப்படுகிறார்கள் என்பது வேறு கதை. ஒரே தொழிலுக்கு ஒரே சம்பளம், ஆனால் இடத்துக்கு ஏற்ற ஈடு என்ற கொள்கை அங்கே எழுத்தில் இருக்கிறது. எமது நாட்டிலும் இது அந்நியமான சிந்தனை அன்று. பாடசாலைகளைக் 'கஷ்டப் பிரதேசம்', 'அதிகஷ்டப் பிரதேசம்' என்று பிரித்துத்தானே ஆசிரிய இடமாற்றங்களைச் செய்கிறோம்? பாடசாலைக்குக் கஷ்டமான ஊர், அதன் அருகிலிருக்கும் ஆதார வைத்தியசாலைக்கு மட்டும் எப்படிச் சொகுசான ஊராகும்?

வைத்தியசாலைகளையும் அவ்வாறே வகுக்கலாம். வெளியூரிலிருந்து வந்து பணியாற்றுபவருக்கு அடிப்படைச் சம்பளத்தின் ஒரு வீதமாக இடக் கொடுப்பனவு வழங்கலாம்; நிலையான தொகையாக வைத்தால் அது மீண்டும் உறைந்துபோகும். அதற்குப் பணமில்லை என்றால், வைத்தியசாலை வளவுக்குள் நீர் வசதியுள்ள இரண்டு அறை விடுதியாவது கட்டிக் கொடுக்கலாம். பல இளைஞர்களுக்கு ஐயாயிரம் ரூபா கூட்டுவதைவிட அதுவே பெரிய ஊதியம்.

விடுதி என்பது புலம்பெயர்ந்த சங்கங்களாலும் செய்யக்கூடியது. அடுத்த முறை ஒரு வைத்தியசாலைப் பணிப்பாளரைச் சந்திக்கும்போது எந்த இயந்திரம் வேண்டும் என்று கேட்பதற்கு முன், கதிர்ப்படப்பிடிப்புப் பிரிவுக்கு அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, பணியில் இருப்பவர் எத்தனை, அவர்கள் இரவில் எங்கே தங்குகிறார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள்.