புகைச் சான்று கேட்காத ஒலி

காரின் சைலன்ஸரில் உள்ள ஃபிளாப்பை நிரந்தரமாகத் திறந்து வைப்பதால் சூழலுக்குக் கேடு எதுவும் இல்லை என்று வாதிடுவோர் இப்போது பட்டறைகளில் மட்டுமல்ல, பல்கலைக்கழக விடுதிகளிலும் இருக்கிறார்கள். வாதம் எளியது. ஃபிளாப் இருப்பது கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னால். அங்கே வந்து சேரும் புகை ஏற்கெனவே தூய்மையாக்கப்பட்டது. ஆகவே திறந்தாலும் மூடினாலும் மாசு ஒன்றே. இவ்வாதத்தின் முன்னுரை பெரும்பாலும் உண்மை, முடிவு பொய். இரண்டுக்கும் நடுவே இரு சொற்கள் பொருள் சுருங்கியும் மயங்கியும் கிடக்கின்றன: ஒன்று ‘மாசு’, மற்றொன்று ‘ஃபிளாப்’.

கொல்கத்தாவின் தென்மேற்கே உள்ள பெஹாலாவில் நின்று இதைப் பார்க்கலாம். தாராதலாவிலிருந்து பெஹாலா சௌராஸ்தா, சகேர் பஜார் வழியாக ஜோகா வரை செல்லும் டயமண்ட் ஹார்பர் சாலைக்கு மேலே 2022 டிசம்பர் இறுதி முதல் மெட்ரோ ஓடுகிறது. கீழே தார்ச்சாலை, தலைக்கு மேல் கான்கிரீட் தளம், இருமருங்கிலும் நெருங்கிய கட்டடங்கள். ஒலி மேலெழுந்து கலைந்துபோக வேண்டிய வழி அடைபட்டிருக்கிறது. பகல் நெரிசலில் ஊர்ந்த அதே சாலை இரவு முதிர்ந்ததும் காலியாகும்போது, ஃபிளாப் திறந்த காருக்கு இதைவிட நல்ல மேடை கிடைக்காது. அந்தச் சாலையை ஒட்டிய வீடுகளில் உறங்குபவர்களுக்கு அந்தக் காரின் குழாய் முனையில் கார்பன் மோனாக்சைடு எத்தனை விழுக்காடு என்பது அந்நேரத்தில் ஒரு பொருட்டே ஆகாது.

முதலில் செயல்திறன் என்னும் மாயையை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் கார்களின் சைலன்ஸரில் உள்ள ஃபிளாப் என்பது குழாயின் குறுக்கே சுழலும் ஒரு வட்டத் தகடு. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அது மூடியிருக்கும். புகை தடுப்புகள் நிறைந்த நீண்ட வழியில் சுற்றிச் சென்று ஓசை இழந்து வெளியேறும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து எஞ்சினின் சுழற்சி உயர்ந்ததும் கட்டுப்பாட்டுக் கணினியே அதைத் திறந்துவிடும், ஏனெனில் அப்போதுதான் புகையின் அளவு மிகுந்து பின்னழுத்தம் ஆற்றலைத் தின்னத் தொடங்குகிறது. அதாவது எந்த நிலையில் திறப்பதால் ஆற்றல் கிடைக்குமோ அந்த நிலையில் அது ஏற்கெனவே திறந்தே இருக்கிறது. ஆற்றலுக்கு வேலையில்லாத குறைந்த வேகத்திலும் அதைத் திறந்து வைப்பதற்குத்தான் பட்டறையில் பணம் கொடுக்கிறார்கள். கூடுவது ஓசை, அந்த ஓசையை வேகம் என்று காது மூளைக்குப் பெயர்த்துச் சொல்கிறது. ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நிகழ்த்துகலை என்ற பொருளும் உண்டு. பட்டறைப் பலகைகளில் அச்சொல்லுக்குப் பொருந்தும் பொருள் அதுவே.

ஆனால் ‘ஃபிளாப்’ என்ற சொல் விளைவிக்கும் மயக்கம் இதைவிட ஆபத்தானது. ஒரே பெயரில் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. மேலே சொன்னது ஒலிக்கானது. பல டீசல் எஞ்சின்களின் புகைக்குழாயில் உள்ள ஃபிளாப் வெப்பத்துக்கானது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பின் டீசல் கார்கள் துகள் வடிகட்டியுடன் வருகின்றன. வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது எரித்துத் தீர்க்க ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நகர நெரிசலில் அந்த வெப்பம் தானாக வராது. குழாயின் வாயைச் சற்றே குறுக்கி எஞ்சினைச் சுமையேற்றினால் வரும். அந்தக் குறுக்கலைச் செய்வதற்கே சில எஞ்சின்களில் இந்த ஃபிளாப் வைக்கப்பட்டது. பெட்ரோல் காருக்குச் சொல்லப்பட்ட யோசனையைக் கேட்டு டீசல் காரில் இதைத் திறந்து பூட்டினால் வடிகட்டி அடைபடும், எச்சரிக்கை விளக்கு எரியும், கணினி எஞ்சினின் ஆற்றலைக் குறைத்துவிடும். அடுத்து வரும் யோசனையும் எதிர்பார்க்கக்கூடியதே: வடிகட்டியை வெட்டி எடு, கணினியின் நிரலை மாற்று. ஒரு திருகை முடுக்குவதில் தொடங்கிய வேலை, கரித்துகளை வடிகட்டாமல் தெருவில் விடும் வண்டியில் போய் முடிகிறது. பெட்ரோல் காரிலும் பாதை இதே திசையில்தான். ஓசை போதவில்லை என்று தோன்றிய அடுத்த மாதம் கைவைக்கப்படுவது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் மீது. அதை எடுத்தால் ஆற்றலில் சிறிது கூடலாம்; கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் பன்மடங்காகும். ‘ஃபிளாப்பால் மாசு இல்லை’ என்ற வாக்கியம் பெட்ரோல் சைலன்ஸரின் ஃபிளாப்புக்கு மட்டுமே, அதுவும் அங்கேயே நிறுத்திக்கொண்டால் மட்டுமே உண்மை.

அப்படி நிறுத்திக்கொள்பவருக்கும் விடை உண்டு. ஒலியும் மாசு என்பது இந்தியச் சட்டத்துக்குப் புதிதன்று. காற்று மாசுச் சட்டத்தில் 1987ஆம் ஆண்டுத் திருத்தம் ஒலியைக் காற்று மாசுப் பொருள்களுள் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்றும், மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் 40 டெசிபல் என்றும் வரையறுக்கின்றன. பெஹாலாவில் வித்யாசாகர் மாநிலப் பொது மருத்துவமனை இருக்கிறது. டெசிபல் அளவில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. ‘கொஞ்சம்தான் கூடுகிறது’ என்போர் மடக்கைக் கணக்கைக் கூட்டல் கணக்காகப் படிக்கிறார்கள். அறிவியல் மாணவர்களும் அவர்களுள் உண்டு என்பதுதான் வியப்பு.

தொழிற்சாலையே பொருத்திய ஃபிளாப்பைத் திறந்து வைப்பது மாற்றமாகுமா என்பது அடுத்த எதிர்வாதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கிய உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த மூல அமைப்பிலிருந்து வண்டி வேறுபடும்படி மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. மூடியும் திறந்தும் இயங்குமாறு ஒப்புதல் பெற்ற உறுப்பு, திறந்தே பூட்டப்பட்டபின் அந்த உறுப்பாக இருப்பதில்லை. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஒலி, காற்று மாசுத் தரங்களை மீறி ஓட்டுவதற்கு 190(2) பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை தண்டம், மூன்று மாதம் வரை சிறை.

தயாரிப்பாளர்களைக் குற்றமற்றவர்கள் என்று விட்டுவிடவும் முடியாது. வாகன ஒலிச் சோதனை நெடுங்காலம் ஏறத்தாழ மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், 7.5 மீட்டர் தொலைவில் வைத்த ஒலிவாங்கியைக் கடந்து நிகழ்ந்தது. அந்த வேகத்தில் அடக்கமாகவும், அதைத் தாண்டியதும் உறுமியும் போகும்படி ஃபிளாப்பை அமைக்கலாம், அமைத்தார்கள். ஐக்கிய நாடுகளின் 51ஆம் வாகன ஒழுங்குமுறை 2016இல் திருத்தப்பட்டபோது, சோதனைப் புள்ளிக்கு வெளியேயும் ஒலியைக் கட்டுப்படுத்தும் கூடுதல் விதிகள் சேர்க்கப்பட்டதன் பின்னணி இது. சோதனையை அடையாளம் கண்டு அங்கே மட்டும் நல்லபிள்ளையாக நடந்த ஃபோக்ஸ்வாகனின் டீசல் நிரல் 2015இல் பிடிபட்டபோது உலகம் அதை மோசடி என்றது. ஃபிளாப் அந்த அளவுக்குச் சட்டத்தை மீறவில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே குடும்பம்.

‘கரும்புகை கக்கும் பேருந்துகளையும் லாரிகளையும் விட்டுவிட்டு ஆர்வலர்களை ஏன் வதைக்கிறீர்கள்’ என்ற கேள்வியும் வரும். கொல்கத்தாவில் இதைக் கேட்பதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும். 2008இல் கல்கத்தா உயர் நீதிமன்ற ஆணையை அடுத்து, பதினைந்து ஆண்டு கடந்த வணிக வாகனங்களும் டூ-ஸ்ட்ரோக் ஆட்டோக்களும் 2009இல் நகரச் சாலைகளிலிருந்து விலக்கப்பட்டன. எதிர்ப்பும் மறியலும் நடந்தன. முடிவில் ஆட்டோ ஓட்டுநர்கள் கடன் வாங்கி எல்.பி.ஜி. வண்டிக்கு மாறினார்கள். பெஹாலாவின் ஆட்டோ வழித்தடங்களில் பச்சை வண்ண வண்டிகளாக ஓடுவது அந்தக் கடன்தான். நகரம் மூச்சுவிட வேண்டும் என்பதற்காகப் பிழைப்புக்கு வண்டி ஓட்டுபவன் வாகனத்தையே மாற்றினான். பொழுதுபோக்குக்கு வண்டி ஓட்டுபவனிடம் கேட்கப்படுவது ஒரு தகட்டை இருந்தபடியே விட்டுவிடு என்பது மட்டும்.

இனி அந்தப் புகைச் சான்று. வங்காளியர் இதைப் பேச்சில் ‘தோயா பரீக்கா’ என்பார்கள், புகைச் சோதனை என்று பொருள். தமிழ்நாட்டிலும் பெயர் ஏறக்குறைய அதுவே. மாசுக் கட்டுப்பாட்டுக்குள் சான்று என்று சட்டம் வைத்த விரிந்த பெயரை மக்கள் வழக்கு புகையாகச் சுருக்கியது. சோதனை நிலையமும் பேச்சுவழக்கைத்தான் பின்பற்றுகிறது. பெட்ரோல் கார் நின்ற இடத்தில் சுமையின்றி ஓட, குழாயில் ஓர் ஆய்வுக்கம்பி செருகப்படுகிறது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. டீசல் காரில் புகையின் அடர்த்தி பார்க்கப்படுகிறது. நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதில்லை, நுண்துகளின் எண்ணிக்கை அளக்கப்படுவதில்லை, ஒலிமானி அங்கே இல்லை. ஃபிளாப் திறந்து பூட்டப்பட்ட பெட்ரோல் கார் சில நிமிடங்களில் தேர்ச்சி பெற்று, பாரத் ஸ்டேஜ் 4 அல்லது 6 வண்டியாக இருந்தால் ஓராண்டுக்குச் செல்லும் தாளுடன் டயமண்ட் ஹார்பர் சாலைக்குத் திரும்புகிறது.