கோப்பையை எண்ணினால் போதுமா?

எங்கள் ஃபேன்டஸி லீக் தொடங்கியது 2015-ல். காலையில் வாக்கிங் போகும் ஏழு பேர் ஆரம்பித்தோம். இப்போது பத்துப் பேர். ஐபிஎல்லுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, நிஜமான ஆட்டக்காரர்களைப் பொய்யான ரூபாய்க்கு ஏலம் எடுப்போம். அவர்கள் எடுக்கும் ரன்னும் விக்கெட்டும் நமக்குப் புள்ளிகள். காசு கிடையாது. கடைசியில் வருபவர் எல்லோருக்கும் ரவா தோசையும் காபியும் வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான். நாங்கள் அத்தனை பேரும் ‘ஓனர்’கள். முப்பத்தைந்து வருஷம் சம்பளத்துக்கு உழைத்தவர்களுக்கு இந்தப் பட்டம் எப்படி இனிக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

போன மாதம் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் நண்பர், 2025 வரையிலான பதினொரு சீசன்களையும் கூட்டி ‘நிரந்தரத் தரவரிசை’ ஒன்று போட்டார். முதலில் கோப்பைகளின் எண்ணிக்கை. சமமாக இருந்தால் மொத்தப் புள்ளிகள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு இரண்டாம் இடம் வேறு. ஆனாலும் இந்தப் பட்டியலை நான் ஒப்புக்கொள்ள முடியாது.

மொத்தப் புள்ளிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 வரை சீசனுக்கு 60 ஆட்டம். 2022-ல் பத்து அணிகள் ஆனபின் 74. 2023-ல் இம்பாக்ட் பிளேயர் வந்ததும் ரன்கள் இன்னும் பெருகின. 2016-ன் புள்ளியையும் 2024-ன் புள்ளியையும் ஒன்றாகக் கூட்டுவது, 1980-ல் வாங்கிய சம்பளத்தையும் ரிட்டயர் ஆன மாதம் வாங்கிய சம்பளத்தையும் கூட்டிப் பெருமைப்படுவது மாதிரி. வங்கியில் இருந்தவரே இதைச் செய்தால் என்ன சொல்ல?

கோப்பைக் கணக்கு இதைவிட மோசம். சென்னைக்கு ஐந்து, மும்பைக்கு ஐந்து. ஆகவே சமம் என்று நம் தெருவில் யாராவது சொல்லிவிட்டு வீடு திரும்ப முடியுமா? சென்னை பத்து இறுதிப் போட்டிகளில் ஆடியது, மும்பை ஆறில். அதுவும் 2016, 2017 இரண்டு வருஷம் சென்னை ஆடவே இல்லை. ஆடிய 16 சீசனில் 12 முறை பிளேஆஃப். மும்பை 18-ல் 11. (2025-ல் சென்னை கடைசி இடம் வந்ததை நான் மறைக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

ஆடாத இரண்டு வருஷம் என்றேனே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. எங்களில் ஒருவர் 2018, 2019 இரண்டு ஏலத்துக்கும் வரவில்லை. மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற ஒன்பது சீசனிலும் அவர் மூன்றாம் இடத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை. கோப்பை மட்டும் வாய்க்கவில்லை. நண்பரின் பட்டியலில் அவருக்கு ஆறாம் இடம். சில கோப்பைகள் வாங்கி, மிச்ச வருஷமெல்லாம் ரவா தோசை வாங்கித் தந்தே பழகிய ஒருவர் முதலிடத்தில்!

“வராத வருஷத்துக்கு நான் எப்படி சார் மார்க் போடுவது?” என்றார் நண்பர். போடவேண்டாம் சார். ஆடிய வருஷங்களுக்கு மட்டும் சராசரி எடுங்கள். ஒவ்வொரு சீசனிலும் ஒருவர் எதிராளிகளில் எத்தனை பேரை முந்தினார் என்று சதவீதம் பாருங்கள். பத்துப் பேரில் இரண்டாவது என்றால் ஒன்பதில் எட்டு. ஏழு பேரில் இரண்டாவது என்றால் ஆறில் ஐந்து. ஆள் கூடினாலும் குறைந்தாலும், ஆட்டம் 60 ஆனாலும் 74 ஆனாலும் கணக்கு ஆடாது. ஒரே வருஷம் வந்து ஜெயித்துவிட்டு ஓடியவர் உச்சியில் உட்காராதபடி, குறைந்தது ஐந்து சீசன் ஆடியிருக்கவேண்டும் என்று ஒரு விதி. கோப்பைகளைப் பக்கத்தில் நட்சத்திரமாகப் போட்டுக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது?

நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டேன். அவர் முதலிடத்துக்கு வருகிறார், வெகு தூரத்தில். நான் ஐந்தாவதுக்கு இறங்குகிறேன்.

அவரிடம் நண்பரின் பட்டியலைக் காட்டியபோது, “ஆறாவதா? பரவாயில்லை சார், விடுங்க” என்று சொல்லி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் விடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டுப் புத்தகம் என் கைக்கு வந்தாகவேண்டும்.