வரவில் தமிழ், செலவில் ஆங்கிலமா?

தமிழ்நாட்டில் இன்று இருவர் எதிர்ப்பட்டால் ‘வணக்கம்’ என்கின்றனர். மணமேடையிலும் மாணவர் மன்றத்திலும், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அச்சொல் ஒலிக்கின்றது. அஃது அங்கெல்லாம் தானே நடந்துவந்து அமர்ந்துகொண்டதன்று. ‘நமஸ்காரம்’ என்பதே உயர்ந்தோர் வழக்கென்றும் ‘குட்மார்னிங்’ என்பதே படித்தோர் வழக்கென்றும் பலர் தருக்கி நின்ற காலத்தில், மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் முயற்சியும், அதனையடுத்து எழுந்த தன்மான இயக்கமும், ஊர்தோறும் உழைத்த தமிழாசிரியரும் சொல்லிச் சொல்லி நிலைநாட்டிய சொல் அது. இழந்த இடத்தை ஒரு சொல் மீட்டுக்கொள்ளக் கூடும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

ஆயினும், ‘வணக்கம்’ என்று தொடங்கிய அதே இருவர் பிரியும்போது என்ன சொல்கின்றனர்? ‘ஓகே, பை!’ சற்று நெருக்கமானவராயின் ‘பை பை’. இளைஞராயின் ‘சீ யூ’. அன்பு மிகுந்துவிட்டால் ‘டேக் கேர்’. இடுப்பிலிருக்கும் குழந்தைக்கோ ‘டாட்டா’. தமிழராக வீட்டினுள் நுழைந்தவர் வாயிற்படியைத் தாண்டும்போது வேறொருவராகி விடுகின்றார். மேடையில் ஒரு மணி நேரம் தூயதமிழில் முழங்கி, ‘நன்றி, வணக்கம்’ என்று முடித்த பேச்சாளரும், மேடையை விட்டிறங்கிக் கைப்பேசியை எடுத்ததும் ‘ஓகே பை’ என்றே பேச்சை முடிக்கின்றார். இது பிறரை மட்டும் குறை கூறுவதற்கு உரிய செய்தியன்று. இயக்கத்தாரும் தம் நாவைத் தாமே ஆய்ந்து பார்த்தற்குரியது.

வாய் ஓயாமல் சொல்லும் இச்சொற்களின் பொருள்தான் என்ன? ‘குட் பை’ என்பது ‘கடவுள் நும்முடன் இருப்பாராக’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிதைந்து உருவானது. அதன் தலையிலிருந்த ‘காட்’ என்னும் கடவுட்சொல், ‘குட் டே’ முதலிய பிற வாழ்த்துகளின் சாயலால் ‘குட்’ என்று திரிந்தது. பின்னர் அத்தலையும் வெட்டுண்டு, எஞ்சிய வாலே ‘பை’ என நின்றது. கடவுளை மறுப்பவர் பொருளறியாமல் நாளொன்றுக்குப் பன்முறை கடவுளைத் துணைக்கு விடுக்கின்றார். கடவுளை ஏற்பவரோ கடவுளை நீக்கிவிட்ட சொல்லால் வாழ்த்துகின்றார். இருவர்க்கும் அதில் பொருளில்லை. தமிழிலோ ‘பை’ என்பதற்குப் பசுமை என்றும் பாம்பின் படம் என்றும் பொருளுண்டு. காய்கறி வாங்கும் பையும் உண்டு. வழியனுப்புவார் எந்தப் பையைச் சொல்கின்றனரோ!

நகரத்து இளைஞர் சிலர் வாயில் ‘சாவ்’ என்றோர் இத்தாலியச் சொல்லும் இப்போது உலவுகின்றது. ‘யான் நும் அடிமை’ என்று பொருள்படும் வெனிசு நகர வழக்கின் தேய்வு அது. அடிமை என்னும் பொருளுடைய சொல்லை உரிமையின் அடையாளமாக எண்ணிச் சொல்லித் திரிவது ஒருபுறம் இருக்க, தமிழ்ச் செவியில் அச்சொல் எவ்வாறு விழும்? புறப்படுவோனைப் பார்த்துச் ‘சாவ்’ என்பதா? ‘சீ யூ’ என்பதன் முதலெழுத்தும் தமிழில் இகழ்ச்சிக் குறிப்பன்றோ?

இனித் தமிழர் சொல்லைப் பார்ப்போம். தமிழன் பிரியும்போது ‘போகிறேன்’ என்பதில்லை. ‘போய் வருகிறேன்’ என்றோ, வெறுமனே ‘வருகிறேன்’ என்றோ சொல்கின்றான். கால் வெளியே செல்கின்றது. சொல் உள்ளே வருகின்றது. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்றும் சுடுகாட்டை நன்காடு என்றும் கூறும் மங்கல வழக்கைச் சேர்ந்ததே, போதலை வருதலாகக் கூறும் இதுவும்.

அச்சொல்லில் இன்னும் இரண்டு நுட்பங்கள் உள. ‘வருவேன்’ என்று எதிர்காலத்தாற் கூற வேண்டியதை ‘வருகிறேன்’ என நிகழ்காலத்தாற் கூறுவது வழுவன்று. விரைவும் தெளிவும் தோன்றக் கூறும்போது காலம் மயங்கலாம் என்பது நன்னூல் முடிபு. எனவே, ‘வருகிறேன்’ என்பவன் தன் மீட்சியை ஐயத்துக்கு இடமில்லாத உறுதியாகக் கூறுகின்றான். மேலும், வருதற்சொல் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, செல்லுதற்சொல் படர்க்கைக்கு உரியது என்று தொல்காப்பியம் வரையறுத்துள்ளது. ‘வருகிறேன்’ என்னும்போது பேசுவோன் தன் செலவின் எல்லையாக எதிரே நிற்பவரையே வைக்கின்றான். எங்குச் சென்றாலும் தான் வந்து சேரும் இடம் இதுவே என்கின்றான். ஒரு வினைமுற்றில் உறவும் உறுதியும் அடங்கிக் கிடக்கின்றன. ‘பை’ என்னும் எழுத்தைப் பிழிந்தால் இவற்றுள் ஒருதுளி கிடைக்குமா?

இதன் ஆழத்தை அறிய இழவு வீட்டுக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து எழுந்து போவோர் எவரும் ‘போய் வருகிறேன்’ என்பதில்லை. சொல்லிக் கொள்ளாமலே அகல்கின்றனர். அத்தகைய வீட்டுக்கு மீண்டும் வரும் நிலை நேரலாகாது என்பதே கருத்து. சொல்லுக்குப் பொருளும், பொருளுக்கு ஆற்றலும் உண்டென்று நம்பிய மக்களின் வழக்கு அது. மணவீட்டிலும் பிணவீட்டிலும் ஒன்றுபோலச் சொல்லக் கூடிய ‘பை’ என்பதில் எதை நம்புவது?

பிரிவைத் தமிழர் எளிதாகக் கொண்டவரல்லர். அன்பின் ஐந்திணையுள் பிரிதலுக்கென்றே பாலை என ஒரு திணை வகுத்தனர். புறத்திணையிலோ ‘பரிசில் விடை’ என்றே ஒரு துறை உண்டு. பரிசில் பெற்ற பொருநனைக் கரிகாலன் ஏழடி பின்சென்று வழியனுப்பிய செய்தியைப் பொருநராற்றுப்படை கூறுகின்றது. பிரிவாற்றாமைப் பகுதியில் வள்ளுவர் காட்டும் தலைவியோ, ‘பிரிந்து செல்லவில்லையெனில் என்னிடம் சொல், விரைந்து திரும்பிவரும் செய்தியாயின், அப்போது உயிரோடிருப்பாரிடம் சொல்’ என்கின்றாள். மகிழக் கூடுதலும், மீண்டும் எப்போது காண்போம் என எண்ணுமாறு பிரிதலுமே அறிந்தோர் தொழில் என்பதும் அவர் வாய்மொழியே. ‘விடை’ என்னும் சொல்லுக்கே மறுமொழி என்றும் இசைவு என்றும் பொருளுண்டு. ஒருவர் கேட்க, மற்றவர் தருவது விடை. தமிழில் பிரிதல் இருவர் செயல்.

அங்ஙனமாயின் அயற்சொல் ஏன் இத்துணைக் கவர்ச்சியாக இருக்கின்றது என்று வினவலாம். வினவத்தான் வேண்டும், நோயின் முதல் நாடாமல் மருந்து கூறல் ஆகாது. முதற் கரணியம் சுருக்கம். ‘பை’ ஓரெழுத்து, உதட்டைத் திறந்தால் முடிந்துவிடுகின்றது. இரண்டாவது, உயர்வு தாழ்வு காட்டாமை. ‘வருகிறேன் ஐயா’, ‘வரேன் அண்ணே’, ‘வரேன்டா’ என ஆளறிந்து சொல்ல வேண்டிய பொறுப்பு அதில் இல்லை. மேலாளர்க்கும் தோழனுக்கும் ஒரே சொல். மூன்றாவது, ஆங்கிலம் அறிந்தவன் என்னும் மினுக்கு. நான்காவது, பிரிவின் கனத்தைக் குறைத்து, ஒன்றும் நேராதது போலக் கலைந்து போக உதவும் எளிமை.

இவற்றுள் மூன்றாவது ஒன்றே உண்மையான நோய். ஏனைய மூன்றுக்கும் தமிழிலேயே மருந்துண்டு. உயர்வு தாழ்வற்ற சொல் வேண்டுமெனில் ‘வணக்கம்’ இருக்கின்றது. வரவுக்கும் பிரிவுக்கும், சிறியோர்க்கும் பெரியோர்க்கும் அது பொது. சுருக்கமும் எளிமையும் வேண்டுமெனில், பொதுமக்கள் வாயைக் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தார் ‘போட்டு வாறன்’ என்கின்றனர். தென்பாண்டி மக்கள் ‘வாரேன்’ என்கின்றனர். கொங்கு நாட்டார் ‘போய்ட்டு வாறனுங்க’ என்கின்றனர். சென்னைத் தெருவில் ‘வர்ட்டா!’ என்று ஒருவன் கையுயர்த்திச் செல்கின்றான்.

புலவர் பலர் முகஞ்சுளிக்கும் இடம் இதுவே. ‘வர்ட்டா’ என்பது கொச்சை, ஐயமில்லை. எழுத்திலும் மேடையிலும் அதற்கு இடமில்லை, அதிலும் ஐயமில்லை. ஆனால், அது யாருடைய கொச்சை? ‘வரட்டுமா’ என்பது தேய்ந்து ‘வரட்டா’ ஆகி, ‘வர்ட்டா’ என நின்றது. அதில் வேர்ச்சொல் தமிழ், ஈறு தமிழ், கருத்தும் தமிழ். வருவேன் என்னும் உறுதியும் உண்டு. ‘செல்ல இசைவு தருகின்றீரா’ என்னும் வினாவும் உண்டு. விடை கேட்கும் பண்பை அந்தத் தெருச்சொல் இன்னும் மறக்கவில்லை. மக்கள் நாவில் மருவிய சொல்லை மரூஉ எனப் பெயரிட்டு இயல்பு வழக்கில் சேர்த்தவர் நன்னூலார். மருவிய தமிழ் திருத்தக் கூடியது. மாற்றி வைத்த ஆங்கிலம் அகற்றக் கூடியது. இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தி, வண்டி இழுப்பவனின் ‘வர்ட்டா’வுக்கு முகஞ்சுளித்து, பட்டம் பெற்றவனின் ‘பை’க்குப் புன்னகை செய்வது தமிழ்ப்பற்று அன்று, மேட்டிமைப் பற்று.

இன்னுமொரு சான்று. தொலைப்பேசி வெளிநாட்டுக் கருவி. அதில் பேச்சைத் தொடங்கும் ‘அலோ’வைத் தமிழர் அயலாரிடமிருந்து எடுத்துக்கொண்டனர். ஆனால், பேச்சை முடிக்கப் பொதுமக்கள் தாமே ஒரு சொல்லைக் கண்டனர்: ‘சரி, வைக்கட்டுமா?’ ‘வைக்கிறேன்.’ எந்தப் புலவரும் ஆக்கித் தந்ததன்று. எந்தக் குழுவும் அமர்ந்து ஆய்ந்ததன்று. ஒலிவாங்கியைத் தாங்கியில் வைக்கும் செயலிலிருந்து பிறந்த அச்சொல், வைப்பதற்குத் தாங்கியே இல்லாத கைப்பேசிக் காலத்திலும் ஊர்ப்புறத்துத் தாய்மார் வாயில் வாழ்கின்றது. அதிலும் இசைவு கேட்கும் அதே ஈறு இருத்தலை நோக்குக. புதுக் கருவிக்குப் புதுவிடை படைக்கும் ஆற்றல் கல்லாதார் நாவில் இருக்க, கற்றார் நா மட்டும் ஏன் வறண்டு போயிற்று?

எல்லாவற்றினும் கொடியது ‘டாட்டா’. அது 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தாய்மார் குழந்தைகளிடம் பேசிய மழலைச்சொல். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பி.பி.சி. நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்று அதனை வேடிக்கைத் தொடராக்கிப் பரப்பியது. அவர்களுக்கே அது விளையாட்டுச் சொல். ஈங்கோ, ‘அம்மா’ என்று திருந்தச் சொல்லத் தெரியாத குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டி, ‘மாமாவுக்கு டாட்டா சொல்லு’ என்று தாயே பயிற்றுகின்றாள். தமிழ்க் குழந்தை பிறர்க்குச் சொல்லக் கற்கும் முதற் சொற்களுள் ஒன்று அயற்சொல்லாக, அதுவும் பொருளில்லாச் சொல்லாக அமைகின்றது. கைவீசிப் பாடும் பாட்டுத் தமிழில் இல்லையா? ‘போய் வா’ என்பது குழந்தை வாய்க்குக் கடினமா?

1983 ஆடிக் கலவரத்தின் பின் வீடும் நிலமும் விட்டு வேற்றுநாடுகளுக்குச் சிதறிய ஈழத்தமிழர், திரும்பும் நாள் அறியாமலே ஊரைப் பிரிந்தனர். அவர்தம் மொழியில் பிரிவுக்குரிய சொல் ‘போட்டு வாறன்’ என்பதே. மண்ணை இழந்தவர்க்கும் மீட்சியை விடாமல் வைத்திருக்கும் சொல் அது. எல்லாம் இருந்தும் அச்சொல்லைத் தாமே கைவிடும் தமிழ்நாட்டார் எதைப் பெற்று எதை இழக்கின்றனர் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

செய்ய வேண்டியது பெரிதன்று. சட்டம் வேண்டா, பணம் வேண்டா. தாய் குழந்தையின் கையை ஆட்டி ‘போய் வாங்க’ எனப் பழக்கட்டும். பள்ளி விடும் மணி அடித்ததும் மாணவர் ‘போய் வருகிறோம் ஐயா’ என்று சொல்லட்டும். ஆசிரியர் ‘போய் வாருங்கள்’ என்று விடை தரட்டும். கைப்பேசியில் ‘வைக்கிறேன்’ என்பதும், அலுவலகத்தில் ‘வணக்கம், வருகிறேன்’ என்பதும் நாணத்தக்கன அல்ல என்று இளைஞர் காட்டட்டும். ‘பை’ என்பார்க்குச் சினவாமல் ‘போய் வாருங்கள்’ என்று மறுமொழி கூறினாலே போதும். அடுத்த முறை அவர் நாவும் திரும்பும். ‘வணக்கம்’ வென்றதும் இவ்வாறுதான்.

வரவைத் தமிழிலும் செலவை ஆங்கிலத்திலும் எழுதும் குடும்பத்தின் கணக்கு ஒருநாளும் நேராகாது. வரவேற்ற வாயே வழியனுப்பவும் வேண்டும்.