அடியின் கனமும் அதிசயத்தின் விலையும்

நாவலூர்ப் பல்திரை அரங்குகளில் சனிக்கிழமை இரவுக் காட்சிக்கு வந்து கூடுகிறவர்களில் பலர், சிறுசேரியிலும் சோழிங்கநல்லூரிலும் கணிப்பொறியின் முன் அமர்ந்து ஜீவனம் நடத்துகிற இளைஞர்கள். தாங்கள் எழுதும் கட்டளைத் தொடரில் ஒரு புள்ளி பிசகினால் எங்கோ ஒரு தேசத்தில் ஒருவருடைய பணம் வங்கியிலேயே முடங்கிப்போகும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள். இவ்வூரிலிருந்து தெற்கே கேளம்பாக்கத்தைக் கடந்தால், தையூரில் சென்னை ஐ.ஐ.டி.யின் புதிய வளாகத்தில், காற்றை வெளியேற்றிய குழாய்க்குள் வாகனத்தை விரையவிட்டுப் பார்ப்பதற்கென்று 422 மீட்டர் நீளத்தில் ஹைப்பர்லூப் பாதை அமைத்திருக்கிறார்கள். கடற்கரைச் சாலையில் நெம்மேலியில் கடல்நீர் குடிநீராகிறது. அதற்கும் தெற்கே கல்பாக்கத்தில், தான் செலவிடுவதைக் காட்டிலும் மிகுதியான எரிபொருளை ஈன்றளிக்கும் தத்துவத்தின்மீது 500 மெகாவாட் அதிவேக ஈனுலை எழும்பியிருக்கிறது. இவ்வாறு விஞ்ஞானத்தின் மத்தியிலேயே குடியிருக்கும் ஜனங்களுக்கு நம் சினிமா எத்தகைய விஞ்ஞானக் கற்பனையையும் எத்தகைய வீரசாகசத்தையும் அளித்துவருகிறது என்பதைப் பற்றி, டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கிற ஒரு ரசிகனின் ஸ்தானத்தில் நின்று, சில அபிப்பிராயங்களை இந்த இதழில் சொல்ல விரும்புகிறோம்.

சண்டைப் படமும் விஞ்ஞானப் படமும் இரண்டு வெவ்வேறு ஜாதி என்று விளம்பரக்காரர்கள் பிரித்துவைத்திருந்தாலும், இரண்டையும் சீர்தூக்குவதற்கு எமக்குப் படுகிற அளவுகோல் ஒன்றுதான்: விளைவு. ஓங்கி விழுந்த அடி, வாங்கியவனை மட்டுமின்றிக் கொடுத்தவனையும் மாற்றுகிறதா? காலத்தை வளைக்கிற யந்திரம் ஒன்று கதைக்குள் வந்துவிட்டால், அது இன்னது செய்யும், இன்னது செய்யாது என்று ஆரம்பத்தில் விதித்த நியதியைக் கதாநாயகனின் சௌகரியத்திற்காகக் கடைசி அரைமணியில் கைவிடாமல் இருக்கிறார்களா? இவ்விரண்டு கேள்விகளுக்கும் நேர்மையாகப் பதில் சொல்கிற படம் குறைந்த முதலில் எடுக்கப்பட்டிருந்தாலும் நெஞ்சில் நிற்கிறது. சொல்லாத படம், எத்தனை கோடி செலவில் எடுக்கப்பட்டிருந்தாலும், அரங்கை விட்டு இறங்குவதற்குள் மறந்துபோகிறது.

தமிழ்ச் சினிமாவுக்கு இந்தக் கற்பனை புதிதன்று. தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் புறப்பட்ட அதே 1963ஆம் ஆண்டில், அந்த ராக்கெட்டுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே, ஏ. காசிலிங்கத்தின் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’ வெளிவந்துவிட்டது. அதன் மூலக் கற்பனையை நினைக்குந்தோறும் எமக்கு மரியாதை உண்டாகிறது. விஞ்ஞானத்தில் நம்மைக் காட்டிலும் முன்னேறிவிட்ட ஒரு கிரகத்தில் கலை இல்லை. ஆகவே அக்கிரகவாசிகள் பூமிக்கு வந்து, நம் ஆயுதங்களையோ பொன்னையோ நாடாமல், பாடத்தெரிந்த ஒரு பெண்ணைக் கவர்ந்துசெல்கிறார்கள். தகடும் அட்டையும் கொண்டு அரங்கம் அமைத்திருந்தால்தான் என்ன? அறிவு பெருகிய இடத்தில் எது வற்றிப்போகிறது என்ற கேள்வி அங்கே உயிரோடு இருந்தது. பின்னால் 1986இல் ‘விக்ரம்’ படத்திற்கும், தம் மறைவுக்கு முன் ‘எந்திரன்’ படத்திற்கும் எழுதிய சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய எஞ்சினியராகையால், யந்திரம் என்பது விதிகளால் ஆனது என்பதை அறிந்திருந்தார். 2010இல் வெளியான ‘எந்திரன்’ படத்தின் முற்பாதியில், தீப்பற்றிய கட்டிடத்திலிருந்து சிட்டி என்னும் யந்திரமனிதன் காப்பாற்றிக் கொண்டுவரும் பெண் ஆடையின்றி இருக்கிறாள். உயிரைக் காப்பதற்குக் கற்றிருந்த அந்த யந்திரம் மானத்தைக் காப்பதற்குக் கற்றிருக்கவில்லை. அவள் ஓடிப்போய் உயிரை விடுகிறாள். தமிழில் இதுவரை எடுக்கப்பட்ட விஞ்ஞானக் காட்சிகளில் இதுவே ஆகச் சிறந்தது என்பது எம் துணிபு. பிற்பாதியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றுகூடிக் கோளமாகவும் பாம்பாகவும் உருவெடுத்து ஆடும் ஆட்டம் இதற்கு ஈடாகாது.

2015இல் ஆர். ரவிக்குமார் எடுத்த ‘இன்று நேற்று நாளை’யில், 2065ஆம் ஆண்டிலிருந்து வந்து சேர்ந்த காலயந்திரம் வேலையில்லாத இரண்டு வாலிபர்கள் கையில் சிக்குகிறது. அவர்கள் உலகத்தைக் காப்பாற்றப் புறப்படவில்லை. காணாமற்போன பொருள்களைக் கண்டுபிடித்துத்தரும் ஜோசிய வியாபாரம் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டில் காலயந்திரம் ஒன்று அகப்பட்டால் அதுதானே நடக்கும்! ஆனால் கடந்த காலத்தில் அவர்கள் அறியாமல் செய்த ஒரு சிறு இடையூறினால், போலீஸ் துப்பாக்கிக்கு இரையாகியிருக்க வேண்டிய ஒரு ரௌடி பிழைத்துக்கொள்கிறான். பிழைத்தவன் இவர்கள் வாழ்வையே கவ்வ வருகிறான். விளையாட்டுக்கு வந்த விலை இது என்று படம் நிதானமாக நிரூபிக்கிறது. 2021 நவம்பரில் வந்த ‘மாநாடு’ இதனினும் ஒரு படி மேலே சென்றது. கதாநாயகன் அப்துல் காலிக் சாகிறபோதெல்லாம் விமானத்தில் அதே இருக்கையில் கண்விழிக்கிறான் என்பது மட்டுமே இருந்திருந்தால் அது வெளிநாட்டிலிருந்து நாம் முன்பே பெற்றுவிட்ட கற்பனையாக நின்றிருக்கும். அவனுடைய ரத்தம் போலீஸ் அதிகாரி தனுஷ்கோடியின் உடலிலும் ஏறிவிட, எதிரியும் நேற்றைய தோல்வியை நினைவில் வைத்துக்கொண்டு எழுகிறான் என்று இயக்குநர் வெங்கட் பிரபு சேர்த்த இடத்தில்தான் கதை தன் சொந்தக் காலில் நிற்கத் தொடங்குகிறது. கதாநாயகன் பெற்ற வரம் எதுவோ அதுவே வில்லனுக்கும் சமமாகக் கிடைத்துவிட்டபடியால், வெற்றியைப் புத்தியினால் சம்பாதிக்கவேண்டியதாயிற்று; தனுஷ்கோடியாக வரும் எஸ்.ஜே. சூர்யாவின் நடிப்பில் அந்தக் களைப்பும் வெறியும் சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போயின.

இவற்றோடு ஒப்பிடுகையில், 2018இன் ‘2.0’ எம்மை மிகவும் வருத்திய படம். பறவைகளுக்காகப் பேசவேண்டும் என்ற உத்தேசம் உயர்ந்தது. பக்ஷிராஜனாக அக்ஷய் குமார் வருகிற பூர்வ கதையில் ஒரு முதியவரின் ஏகாங்கமான துக்கம் நிஜமாகவே இருந்தது. ஆனால் பறவைகள் மடிவதற்குக் கைபேசிக் கதிர்வீச்சே காரணம் என்று, விஞ்ஞானம் நிலைநாட்டாத ஒன்றை நிலைநாட்டியதுபோல் சொல்லி, அதன்மீது அவ்வளவு பெரிய கட்டிடத்தை எழுப்பினார்கள். எம் செங்கற்பட்டுச் சீமையில் வசிக்கிறவர்களுக்கு இது கூடுதலாக உறுத்தும். திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிவேளை அன்னத்திற்கு வந்துபோன கழுகுகளை எங்கள் பெரியோர்கள் பார்த்திருக்கிறார்கள். இப்போது அவை வருவதில்லை. அந்த மலைக்கு அவை வராமற்போனதற்கு இன்னதே காரணம் என்று யாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் இந்தியா முழுவதும் பாறுகள் எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் கோடிக்கணக்கில் மடிந்ததற்கு, மாடுகளுக்கு வலிநிவாரணியாகக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து இறந்த மாட்டின் மாமிசத்தின் வழியே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்ததே பிரதான காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. காருண்யத்தோடு மாட்டுக்குக் கொடுத்த மருந்து, யாருமே எண்ணிப்பார்க்காத வழியில், ஆகாயத்தைக் காலிசெய்தது! இதைக் காட்டிலும் பயங்கரமான, இதைக் காட்டிலும் சினிமாவுக்குரிய விஞ்ஞானக் கதை வேறென்ன வேண்டும்? வயலுக்கு எச்சநீர் பாயும் பயனை உணர்ந்து தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து, தீபாவளிக்குப் பட்டாசும் வெடிக்காத வேடந்தாங்கல் ஊராரிடம் ஒரு கதாசிரியர் ஒரு பொழுது உட்கார்ந்து பேசியிருந்தால், ராட்சசப் பறவையின் தேவையே இல்லாமல் ஒரு மகத்தான படம் கிடைத்திருக்கும்.

‘அயலான்’ குழந்தைகளுக்கான படம். 2024 பொங்கலுக்கு வந்தபோது குழந்தைகள் மகிழ்ந்தார்கள், அதில் எமக்கும் மகிழ்ச்சி. பூமியைத் துளையிட்டு ஆழத்திலுள்ள வாயுவை உறிஞ்சுகிற வியாபாரியை வேற்றுக்கிரகவாசி தடுக்க வருகிறது என்ற கற்பனை, மீத்தேன் திட்டத்தை எதிர்த்து நின்ற தஞ்சை ஜில்லாவின் ஞாபகத்தைக் கிளர்த்தியது. ஆனால் அந்த ஞாபகத்தைப் பாட்டுக்கும் சண்டைக்கும் இடையில் படமே தவறவிட்டுவிட்டது. தெலுங்கிலிருந்து வந்த ‘கல்கி 2898 ஏ.டி.’ படத்தில், நீரற்றுப்போன கடைசி நகரமாகக் காசியைக் காட்டிய முதற்பகுதி தவிர மற்றவை எம் மனத்தில் ஒட்டவில்லை.

இனிச் சண்டைப் படங்கள். 2019இல் ‘கைதி’ வந்தபோது, ஓர் இரவு, ஒரு லாரி, பத்தாண்டு சிறையிலிருந்து மகளின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கப் போகிற ஒரு மனிதன் என்று வரம்பு கட்டிக்கொண்ட அதன் சிக்கனத்தைக் கண்டு, தமிழில் ஒரு புதிய பாதை திறந்ததாகவே எண்ணினோம். அதே படத்தின் முடிவில் வந்த அந்தப் பெரிய சுழல் துப்பாக்கி மட்டும் பின்வந்தவர்களுக்கு முன்மாதிரியாயிற்று; சிக்கனத்தை எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. 2022இன் ‘விக்ரம்’, அதன்பின் ‘கேப்டன் மில்லர்’, ‘குட் பேட் அக்லி’ என்று படத்துக்குப் படம் தோட்டாக்கள் பெருகின. தோட்டா பெருகப் பெருக, ஒரு தோட்டாவுக்குரிய பயம் குறைந்தது. அந்த ‘விக்ர’மிலும் நெஞ்சில் நிற்பது துப்பாக்கி வரிசை அன்று, வீட்டு வேலைக்காரியாக அதுவரை ஒதுங்கியிருந்த டீனா, கைக்கு எட்டிய பொருளை ஆயுதமாக்கித் தன்னந்தனியாக நின்று போராடி மடிகிற காட்சியே.

மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி மண்டபத்திற்கு நம் இயக்குநர்கள் எத்தனையோ முறை பாட்டெடுக்க வந்திருப்பார்கள். அங்கே உள்ளே சென்று அந்தப் புடைப்புச் சிற்பத்தை நின்று நோக்கினால், யுத்தக் காட்சி அமைப்பதற்கு இன்றும் அதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. சிங்கத்தின் மீதமர்ந்து எட்டுக் கரங்களோடு வில்லை இழுக்கும் தேவியின் உடல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. கதையை இரு கைகளாலும் பற்றிய எருமைத்தலை அசுரனின் உடல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அவன் இன்னும் தோற்கவில்லை. தலைக்குமேல் அரசனுக்குரிய குடை கவிந்திருக்கிறது. பின்வாங்கும் கால் மட்டும் முடிவை அறிந்துவிட்டது. பல்லவச் சிற்பி வதத்தைச் செதுக்கவில்லை, எதிராளியின் கௌரவத்தையும் பறிக்கவில்லை. யுத்தம் திரும்புகிற அந்த க்ஷணத்தைத் தேர்ந்தெடுத்தான். எதிர்ச்சுவரிலோ அனந்தசயனம்: அருகில் மதுவும் கைடபனும் கதையோங்கி நிற்க, திருமால் யோகநித்திரையில் அசையாமல் கிடக்கிறார். ஆவேசத்திற்கு எதிரே அமைதியை வைத்தால்தான் இரண்டும் விளங்கும் என்ற ஞானம் ஏழாம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரையில் இருந்தது.

அந்த ஞானத்தின் சாயல் அண்மையில் இரண்டு படங்களில் தென்பட்டது. 2025இல் எஸ்.யூ. அருண்குமார் எடுத்த ‘வீர தீர சூரன்’, மளிகைக்கடை வைத்துப் பிழைக்கும் காளியைப் பழைய பகை இழுத்துச்செல்கிற ஓர் இரவின் கதை. சாலையில் கண்ணிவெடியைப் புதைத்துவிட்டுக் காத்திருக்கிற நேரம், வெடிக்கிற நேரத்தைக் காட்டிலும் அச்சமூட்டுகிறது. ‘அமர’னில், தாம்பரத்துக் கல்லூரியில் படித்த மேஜர் முகுந்த் வரதராஜன் காஷ்மீரத்தில் போரிடும்போது, தொலைபேசியின் இந்த முனையில் அவர் மனைவி குரலுக்காகக் காத்திருக்கிறார், சாய் பல்லவியின் முகத்தில்தான் அந்தப் போரின் முழு பாரமும் இறங்குகிறது.

அடியின் கனம் என்பது திரையில் மட்டும் உள்ள விஷயமும் அன்று. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு படப்பிடிப்பில், காரைப் பாயவிட்டுக் கவிழ்க்கும் காட்சியின்போது அனுபவமிக்க சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். நட்சத்திரத்தின் பிம்பத்தைப் பாதுகாக்கக் கணிப்பொறிச் சித்திரத்திற்குக் கோடிக்கணக்கில் செலவிடுகிற தொழில், முதலில் பாதுகாக்கவேண்டிய உடல் எது என்பதை இன்னும் தீர்மானிக்காமலிருப்பது பொறுக்கத்தக்கதன்று. அபாயகரமான காட்சிகளைச் சித்திரத்தால் நிரப்புவதற்கே அந்த வித்தை முதலில் பயன்படட்டும்; யாம் அதை மனமார ஆதரிக்கிறோம்.

ஆயினும் அண்மைக்காலத்தின் மிகப்பெரிய விஞ்ஞானக் கற்பனை கதையாக வரவில்லை, குரலாக வந்தது. 2024 ஜனவரியில் மறைந்த பாடகி பவதாரிணியின் குரலை, அவ்வாண்டு செப்டம்பரில் வெளியான ‘தி கோட்’ படத்திற்காக, அவருடைய சகோதரர் யுவன் சங்கர் ராஜா செயற்கை நுண்ணறிவின் உதவியால் பாடவைத்தார். அதே படத்தில் மறைந்த விஜயகாந்தின் உருவமும் எழுந்து வந்தது. விஜய்யின் முகத்திலிருந்து வயதையும் களைந்தார்கள். தமக்கையின் குரலை இன்னுமொருமுறை கேட்க விழைகிற தம்பியின் பாசத்தை எவரும் குறைகூற இயலாது. அப்பாட்டைக் கேட்டபோது யாமும் கலங்கினோம். ஆனால் உரியவரின் சம்மதத்தைக் கேட்க இயலாத இடத்தில், எதிர்காலத்தில் பாசமே இல்லாத ஒரு முதலாளி இதையே செய்யும்போது யார் தடுப்பார்? இந்தக் கேள்வியை ஒரு கதையாக எழுதத் துணிகிற இயக்குநர் நமக்குக் கிடைக்கவேண்டும். கதைக்கு வேறு கருவும் இங்கேயே இருக்கிறது: 2004 டிசம்பர் 26 காலையில் மாமல்லபுரத்தில் கடல் பின்வாங்கியபோது, அதுவரை நீருக்குள் மறைந்திருந்த பாறைகள் சில கணம் வெளியே தெரிந்ததையும், அந்த ஆழிப்பேரலைக்குப் பின் சென்னைக் கரையோரக் குப்பங்களிலிருந்து பல குடும்பங்கள் செம்மஞ்சேரிக்குக் குடிபெயர்க்கப்பட்டதையும் அறிந்த ஓர் இளைஞர், காலயந்திரக் கதையொன்றை இங்கிருந்தே தொடங்கலாம்.

அடுத்த இதழில் சண்டைப் படங்களையும் விஞ்ஞானப் படங்களையும் பற்றிய கட்டுரைகளுக்குப் பாதிப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். கதைச் சுருக்கமும் வசூல் விவரமும் வேண்டா; ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அது எவ்வாறு அமைக்கப்பட்டது, அதில் அடிபட்டது யார், அதனால் எது மாறிற்று என்று வாசகர்கள் எழுதி அனுப்பினால், நாவலூரிலும் கேளம்பாக்கத்திலும் திருப்போரூரிலும் இருக்கும் அன்பர்களின் கட்டுரைகளுக்கு முதலிடம் தந்து பிரசுரிப்போம்.