ஒரு வயிற்றுப் பிள்ளைகள்



ஓசூர் சிப்காட் அருகே வாடகை அறையில் தங்கி வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். காசநோய்க்கு இரண்டு மாதம் மாத்திரை உண்டவர், இருமல் நின்றதும் அதனையும் நிறுத்திவிட்டார். "உடம்பு தேறிவிட்டதே சாமி, இன்னும் நான்கு மாதம் எதற்கு?" என்றார். நியாயமான கேள்விதான். டாக்டர் சொன்னால் கேட்க வேண்டும் என்பது அதற்கு விடையாகாது.

1882இல் இராபர்ட் காக் கண்டறிந்த இக்கோல் வடிவக் கிருமி, ஏறத்தாழ 20 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கிறது. அது முனைகளில்தான் வளரும். பிளக்கும் இடத்தில் தோன்றும் புதுமுனை உடனே வளராதபடி லாம்-ஏ என்னும் புரதம் தடுத்துவிடுகிறது. ஆகவே, தாயின் வளரும் முனையைப் பெற்ற பிள்ளை நீண்டு விரைவாக வளர்கிறது. மற்றது குறுகி, மெல்ல வளர்கிறது. ரெபேக்காவின் வயிற்றில் ஏசாவும் யாக்கோபும் போல, பிறப்பிலேயே வேறுபட்ட இருவர்! மருந்தும் இவர்களை ஒரே விதமாகத் தாக்குவதில்லை. அப்புரதத்தை நீக்கிப் பார்த்தார்கள் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வாளர்கள். பிள்ளைகளிடையே வேற்றுமை குறைந்தது. மருந்துக்கு விரைவாகவும் ஒருசேரவும் மடிந்தன. இது 2017இல் வெளிவந்த செய்தி.

எளிதில் மடிபவை முதலில் மடிய, இருமல் நிற்கிறது. எஞ்சியவை காத்திருக்கின்றன. அவை எஞ்சுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. இஃது அவற்றுள் ஒன்று.

ஆறு மாதம் நீண்ட காலம் எனத் தோன்றலாம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், மருத்துவமனையில் படுத்திராமல் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என உலகுக்கு மெய்ப்பித்தது. அன்று சிகிச்சை ஓராண்டு! ரிஃபாம்பிசின் வந்த பின்னரே அது ஆறு மாதமாயிற்று.

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கிரானைட் அறுக்கும் சகோதரர்களுக்கு ஒரு சொல்: கல்தூசு படிந்த நுரையீரலை இந்நோய் எளிதில் பற்றும். நீடித்த இருமலைத் தூசியின் மேல் பழிபோட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள்.

அவ்விளைஞருக்கு வேறொரு தயக்கமும் இருந்தது. எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. அங்கே மருந்துக்கு யாரைக் கேட்பது? அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். வேறு மாநிலம் சென்றாலும் பதிவை மாற்றிக்கொண்டு சிகிச்சையைத் தொடரலாம் என்றேன். ஆனால் இடையில் விட்டவர் மீதி மாத்திரையைத் தாமே எடுத்து விழுங்கலாகாது. கிருமி எம்மருந்துக்கு அடங்கும் என முதலில் சோதிக்க வேண்டும்.

மறுநாள் காலை, சளிப் பரிசோதனைக்கு இருவருமாக வரிசையில் நின்றோம்.