"சாமி பார்த்துக்குவார்" சரி, பாலிசியை யார் பார்ப்பது?



2024 டிசம்பரில் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் வந்ததிலிருந்து, அன்னதான வரிசையிலும் யாத்திரைப் பேச்சுதான். பழநி, இராமேஸ்வரம், காசி, கைலாயம்... கேட்கவே சந்தோஷம். ஆனா "காப்புறுதி எடுத்தாச்சா?" என்று கேட்டால் இரண்டே பதில்தான் வருது. ஒன்று, "சாமி பார்த்துக்குவார்." இன்னொன்று, "டிக்கெட்டோட சேர்த்து எடுத்தாச்சு."

இரண்டாவது பதில்தான் எனக்கு அதிக பயம்.

போன வருஷம் எங்கள் குழுவில் வந்த ஒரு அக்காவுக்கு மதுரையில் நெஞ்சுவலி. காப்புறுதி இருக்கே என்று தைரியமாக இருந்தோம். ஆனால் அவங்களுக்கு ஏற்கெனவே இருதயப் பிரச்சினை உண்டு. அந்தப் பாலிசியோ பழைய நோய்க்குப் பணம் தராது. மகன் கடன் வாங்கினார், நாங்களும் முடிந்ததைப் போட்டோம். முருகன் அருளால் அக்கா இப்போ நல்லா இருக்காங்க. ஆனால் கிளம்பும் முன் அந்தப் பாலிசியை ஒருத்தர்கூட படிக்கவில்லை, நான் உட்பட.

அதனால் மலிவா என்று பார்க்காதீங்க. இதைப் பாருங்க:

1. இனிப்புநீர், இரத்த அழுத்தம், இருதயம் எதையும் மறைக்காதீங்க. பழைய நோய்க்கும் பாதுகாப்பு தரும் பாலிசி உண்டா என்று கேளுங்க. வயது வரம்பையும் கேளுங்க.

2. உயரம். நம்ம கொடிமலை 833 மீட்டர். கேதார்நாத் 3,500க்கு மேல். கைலாய வலத்தில் வரும் டோல்மா கணவாய் 5,600க்கும் மேல். பல பாலிசிகள் குறிப்பிட்ட உயரத்தோடு நின்றுவிடும். 2018 ஜூலையில், கைலாயம் போய்த் திரும்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் மோசமான வானிலையால் நேப்பாளத்தில் மாட்டிக்கொண்டதை மறக்க வேண்டாம்.

3. பெட்டி தொலைந்தால் எவ்வளவு என்பதைவிட, மருத்துவச் செலவுக்கும், நோயாளியை ஊருக்குக் கொண்டுவரவும் எவ்வளவு என்று பாருங்க.

4. அவசர உதவி எண்ணை எழுதி, கூட வருபவரிடமும் கொடுங்க. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்க.

"அப்போ சாமி மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு: தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர் முருகனை நம்பித்தான் எடுக்கிறார். ஆனாலும் பக்கத்தில் தண்ணீரும் முக்காலியும் தூக்கிக்கொண்டு நாலு பேர் போறாங்க இல்லையா? காப்புறுதியும் அந்த முக்காலி மாதிரிதான்.

நான் ஏஜென்ட் இல்லை, எதையும் விற்கவும் வரவில்லை. யாத்திரைக்குக் கிளம்புறவங்க வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் உங்க பாலிசியைக் கொண்டு வாங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடியே வந்தால் இன்னும் நல்லது. சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.

வேலும் மயிலும் துணை.